கொங்கு நாட்டிலிருந்து மாலத்தீவு: படகில் இருந்து தொடங்க வேண்டிய திட்டம்

மாலத்தீவு போகத் திட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் விமான டிக்கெட் விலையைப் பார்க்கிறார்கள். அடுத்து, நீலத் தண்ணீருக்கு மேல் கால் ஊன்றி நிற்கும் மர வீட்டின் படத்தைப் பார்க்கிறார்கள். விமான நிலையத்தில் இருந்து அந்தத் தீவுக்கு எதில் போவது, எத்தனை மணிக்குப் போவது என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. பயணம் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அதனால் வரிசையைத் திருப்பிப் போடுங்கள். முதலில் படகு, அப்புறம் தீவு, அதற்குப் பிறகு விமானம்.

காரணம் அந்த நாட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. 1,192 தீவுகள், 26 பவளத்தீவுக் கூட்டங்கள், வடக்கு தெற்காக 800 கிலோமீட்டருக்கும் மேல் நீளம். கோவையில் இருந்து கன்னியாகுமரி போய்த் திரும்பி வருகிற தூரத்துக்குக் கடலில் தூவிவிட்ட மாதிரி. வேலனா சர்வதேச விமான நிலையம் ஹுல்ஹுலே என்ற தனித் தீவில் இருக்கிறது. தலைநகர் மாலேயும் புதுநகர் ஹுல்ஹுமாலேயும் மட்டும் அதோடு சாலையால் இணைந்தவை. மற்ற எங்கே போவதானாலும் படகு, உள்நாட்டு விமானம், இல்லையென்றால் கடல் விமானம்தான்.

தீவைத் தேர்ந்தெடுப்பது

தங்குவதற்கு இரண்டு வகை உண்டு. ஒரு தீவு முழுக்க ஒரே விடுதியாக இருப்பது ரிசார்ட் தீவு. ஊர் மக்கள் குடியிருக்கும் தீவில் சிறிய அறைகள் எடுத்துத் தங்குவது இன்னொன்று; அதை கெஸ்ட் ஹவுஸ் தீவு என்கிறார்கள். ரிசார்ட்டில் சாப்பாடு, கடல், அறை எல்லாம் ஒரே கையில் இருக்கும், செலவும் அதற்கேற்ப இருக்கும். குடும்பமாக நாலைந்து பேர் போகிறவர்களுக்கு ஊர்த் தீவுதான் பொருத்தம் என்பது எங்கள் கருத்து. அங்கே கடை இருக்கிறது, மருந்தகம் இருக்கிறது, சாயங்காலம் காலாற நடக்கத் தெரு இருக்கிறது. ஒரு நாள் மட்டும் பக்கத்து ரிசார்ட்டுக்குப் பகல் அனுமதி வாங்கிப் போய்வந்தால் அந்த ஆசையும் தீரும்.

முதல் தடவை போகிறவர்களுக்கு மாஃபுஷி. மாலேயில் இருந்து தெற்கே சுமார் 27 கிலோமீட்டர், ஸ்பீட்போட்டில் முக்கால் மணிக்குள். படகுகள் நாள் முழுக்க இருப்பதுதான் இதன் பெரிய பலம். குறை, கூட்டம். அமைதி வேண்டும் என்றால் வடக்கு ஆரி பக்கம் உகுல்ஹாஸ், ரஸ்தூ. சுமார் ஒன்றரை மணி நேரம் படகு. திமிங்கிலச் சுறாவைப் பார்க்கத்தான் போகிறோம் என்றால் தெற்கு ஆரியில் திகுரா. அந்தப் பாதுகாக்கப்பட்ட கடல் பகுதியில் அது ஆண்டு முழுக்க நடமாடுகிறது. மாண்டா திருக்கைகள் கூட்டமாகக் கூடும் ஹனிஃபாரு வளைகுடா, 2011இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த பா பவளத்தீவில் இருக்கிறது. ஜூன் முதல் நவம்பர் வரை பருவம். அங்கே மேலே மிதந்து பார்க்கலாம், காற்று உருளை கட்டி முங்க அனுமதி இல்லை.

வயதானவர்கள் கூட வந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் படகு உள்ள தீவு வேண்டாம். ஸ்பீட்போட் அலை மேல் ஏறி இறங்கும்போது முன்பக்கம் உட்கார்ந்தவருக்கு முதுகெலும்பில் அடி விழும். இடுப்புவலி, கழுத்துவலி உள்ளவர்கள் எஞ்சினுக்குப் பக்கமாகப் பின்வரிசையில் உட்கார வேண்டும். கர்ப்பிணிகள் ஸ்பீட்போட்டைத் தவிர்ப்பது நல்லது. ஜெட்டியில் இருந்து படகில் கால் வைக்கும் இடத்தில் கடல் வற்றினால் ஒரு முழத்துக்கு மேல் இறக்கம் இருக்கும். முழங்கால் வலி உள்ள அம்மச்சியை அங்கே இரண்டு பக்கமும் பிடித்துத்தான் இறக்க வேண்டும்.

எப்போது போவது

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வடகிழக்குப் பருவம். மழை குறைவு, கடல் அமைதி, தண்ணீர் தெளிவு. தை முகூர்த்தத்தில் கல்யாணம் முடித்துக் கிளம்புகிறவர்களுக்குக் கடல் கண்ணாடி மாதிரி கிடைக்கும், அறை வாடகையும் உச்சத்தில் இருக்கும். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து பல்லடத்திலும் உடுமலையிலும் காற்றாலைகளைச் சுழற்றுகிற ஆடிக் காற்று இருக்கிறதே, அதே காற்றோட்டம்தான் மாலத்தீவுக் கடலையும் கிளறுகிறது. இங்கே கூரைத் தகரம் படபடக்கிற நாளில் அங்கே படகு குலுங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க மழை கொட்டும் என்று இல்லை, விட்டு விட்டுப் பெய்யும். வாடகை நன்றாக இறங்கும். வாந்தி வருகிற உடம்புக்காரர்கள், குழந்தைகள் இல்லாவிட்டால் அதுவும் போகக்கூடிய காலம்தான்.

பள்ளி விடுமுறைக்குப் போகிறவர்கள் ஏப்ரல் கடைசியைப் பிடியுங்கள். மே நடுவில் காற்று மாறிவிடும்.

ரமலான் மாதத்தைக் கட்டாயம் பாருங்கள். 2027இல் அது ஏறக்குறைய பிப்ரவரி 8 முதல் மார்ச் 9 வரை. பிறை பார்த்து ஒருநாள் முன்னே பின்னே ஆகும். அந்த மாதத்தில் ஊர்த் தீவுகளில் பகலில் உணவகங்கள் மூடியிருக்கும். தங்குமிடத்தில் காலை உணவும் மதிய உணவும் தருவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளாமல் போகக் கூடாது.

பாஸ்போர்ட்டும் பெயரும்

இந்தியர்களுக்கு முன்கூட்டியே விசா வேண்டாம், விசாக் கட்டணமும் கிடையாது. இறங்கியதும் முத்திரை குத்துவார்கள். கேட்டால் காட்ட வேண்டியவை: திரும்பும் டிக்கெட், தங்கும் எல்லா இரவுகளுக்கும் அறை உறுதிச் சீட்டு, செலவுக்குப் பணம் இருப்பதற்கான ஆதாரம். பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் ஆயுள் இருக்கட்டும்.

கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி மாவட்டங்களுக்குக் கோவை மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகம். பெரியவர்களுக்கு 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய், பத்து வருட ஆயுள். குழந்தைகளின் பாஸ்போர்ட் ஐந்து வருடத்தில் முடிந்துவிடும். அம்மா அப்பா பாஸ்போர்ட்டை மட்டும் பார்த்துவிட்டு டிக்கெட் போட்டுக் கடைசி வாரத்தில் குழந்தையின் பாஸ்போர்ட் காலாவதியானதைக் கண்டுபிடிக்கிற குடும்பங்கள் நிறைய.

தோட்டத்தில் பாடுபட்டு, பத்தாவது முடிக்காத பெரியவர்களின் பாஸ்போர்ட்டில் 'ஈசிஆர்' (வேலைக்கு வெளிநாடு போக அரசு அனுமதி வேண்டும் என்ற குறிப்பு) என்று இருக்கலாம். அதைப் பார்த்து "அப்புச்சியைக் கூட்டிப் போக முடியாது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அந்தக் கட்டுப்பாடு குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கானது. மாலத்தீவு அந்தப் பட்டியலிலும் இல்லை, சுற்றுலாவுக்கு அது பொருந்துவதும் இல்லை.

நம்மில் பலருக்கு இன்னொரு சிக்கல், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் வெறுமையாக இருப்பது. டிக்கெட் தளம் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விடாது. இனிஷியலைப் போடுவதா, அப்பா பெயரைப் போடுவதா என்று ஊகித்து எழுதாதீர்கள். பெயரையே இரண்டு கட்டத்திலும் எழுதச் சொல்லும் விமான நிறுவனங்கள் உண்டு, வேறு முறை சொல்பவையும் உண்டு. அந்தந்த நிறுவனத்தின் உதவி எண்ணில் கேட்டு அதன்படி போடுங்கள். பிறகு திருத்தப் போனால் கட்டணம் கேட்பார்கள், சில மலிவு டிக்கெட்டுகளில் திருத்தமே செய்ய முடியாது.

கிளம்புவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் 'ஐமுகா' என்ற பயணி அறிவிப்புப் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனித்தனி, கைக்குழந்தைக்கும் உண்டு. திரும்பும்போது புறப்பாட்டுக்கு இன்னொன்று. இது முழுக்க இலவசம். தேடினால் முதலில் வருகிற சில தளங்கள் இதற்கே பத்து, இருபது டாலர் கேட்கும். அவை அரசுத் தளங்கள் இல்லை. உண்மையான முகவரி 'ஜிஓவி டாட் எம்வி' என்று முடியும். கடைசியில் வரும் கியூஆர் குறியீட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கொச்சியில் செக்-இன் மேசையிலேயே கேட்பார்கள்.

எந்த விமான நிலையம்

கோவை பீளமேட்டு விமான நிலையத்தில் இருந்து மாலேக்கு நேரடி விமானம் இல்லை. கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சிப் பக்கம் உள்ளவர்களுக்கு நெடும்பாசேரி கொச்சி விமான நிலையம்தான் வசதி. பறக்கும் நேரம் ஒன்றரை மணிக்குச் சற்று முன்பின். சேலம், தருமபுரிப் பக்கம் உள்ளவர்கள் பெங்களூரையும் சேர்த்துப் பார்க்கலாம். திருவனந்தபுரத்தில் இருந்தும் போகலாம்.

கொச்சிக்கு ரயிலில் போவதென்றால் எர்ணாகுளம் வரை போய்த் திரும்பி வராதீர்கள். ஆலுவாவிலேயே இறங்கிவிடலாம், அங்கிருந்து விமான நிலையம் சுமார் 12 கிலோமீட்டர். வண்டி அங்கமாலியில் நின்றால் இன்னும் பக்கம். காரில் போனால் கோவையில் இருந்து வாளையார், பாலக்காடு, குதிரான் சுரங்கம், திருச்சூர் வழி. சாதாரண நாளில் நான்கு மணி நேரம் போதும். ஆனால் திருச்சூரைத் தாண்டிய பிறகு சந்திப்புகளில் வண்டிகள் தேங்கும், அதற்கு ஒன்றரை மணி நேரம் தனியாக ஒதுக்குங்கள். விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் உள்ளே இருக்க வேண்டும். ஆகக் கோவையில் இருந்து எட்டரை மணி நேரம் முன்னால் கிளம்புங்கள். ஈரோட்டில் இருந்து பத்தரை.

படகு நேரக் கணக்கு

இதை ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும். தங்குமிடத்துக்கு எழுதி மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: விமான நிலையத்தில் இருந்து கடைசிப் படகு எத்தனை மணிக்கு, திரும்பும் நாளில் முதல் படகு எத்தனை மணிக்கு, ஒரு ஆளுக்கு எவ்வளவு. இறங்கும் நேரத்தோடு இரண்டு மணி நேரத்தைக் கூட்டுங்கள். குடிவரவு, பெட்டி, சுங்கம், சிம் கார்டு எல்லாம் அதற்குள் முடியும். அந்தக் கூட்டுத்தொகை கடைசிப் படகுக்கு முன்னால் வந்தால் அந்த விமானம் சரி. தாண்டினால் டிக்கெட் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். அன்றிரவு ஹுல்ஹுமாலேயில் ஒரு அறை, போக வர வண்டி, மறுநாள் படகு என்று மிச்சம் பிடித்த காசு அங்கேயே கரைந்துவிடும்.

மாலத்தீவு நேரம் நம்மைவிட அரை மணி பின்னே. இங்கே நாலு மணி என்றால் அங்கே மூன்றரை. கைப்பேசி தானாக மாறிக்கொள்ளும், கைக்கடிகாரம் மாறாது. சில ரிசார்ட்டுகள் பகல் வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று தங்கள் தீவில் மாலே நேரத்தைவிட ஒரு மணி முன்னே வைத்திருக்கும். "படகு பத்து மணிக்கு" என்றால் எந்தப் பத்து என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கடல் விமானம் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும். பிற்பகல் மூன்றரைக்கு மேல் மாலேயில் இறங்குகிறவர்கள் அன்றைக்கு அதைப் பிடிப்பது கஷ்டம். போக வர ஒரு ஆளுக்குச் சுமார் 400 முதல் 600 டாலர் ஆகும். பெட்டிக்கு 20 கிலோ, கைப்பைக்கு 5 கிலோதான். அதற்கு மேல் கிலோ கணக்கில் காசு. ரிசார்ட் அறை மலிவாகத் தெரிந்தால் இந்தக் கட்டணம் அதில் சேர்ந்ததா என்று முதலில் பாருங்கள். அந்த மலிவுக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

அரசு நடத்தும் மெதுவான படகும் உண்டு. டோனி என்பார்கள், நம்ம தோணிதான். மாஃபுஷிக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும், ஸ்பீட்போட்டின் 20, 30 டாலரோடு ஒப்பிட்டால் கட்டணம் சொற்பம். ஆனால் விமான நிலையத்தில் இருந்து கிளம்பாது, மாலே நகருக்குள் போய்ப் பிடிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஓடாது. வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. நண்பகல் தொழுகை நேரத்தில் கடைகளும் மூடியிருக்கும். வெள்ளியன்று இறங்குவதாகவோ கிளம்புவதாகவோ திட்டம் இருந்தால் தனியார் ஸ்பீட்போட்டை முன்பே உறுதி செய்துவிடுங்கள்.

பணக் கணக்கு

அறை விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் சேவைக் கட்டணமும் வரியும் தனி என்று பொருள். எவ்வளவு கூடும் என்பதை ஒரு கணக்கில் பாருங்கள். ஒரு இரவுக்கு 60 டாலர், இரண்டு பேர். சேவைக் கட்டணம் 10 சதவீதம், 6 டாலர், ஆக 66. அதன் மேல் சுற்றுலா ஜிஎஸ்டி 17 சதவீதம் (2025 ஜூலையில் இருந்து இந்த விகிதம்), 11.22, ஆக 77.22. பசுமை வரி, 50 அறைக்கு மேற்படாத ஊர்த் தீவு விடுதியில் ஆளுக்கு இரவுக்கு 6 டாலர், இருவருக்கு 12. மொத்தம் 89.22. அறுபது என்று பார்த்தது கிட்டத்தட்ட தொண்ணூறு. நான்கு இரவுக்கு 356.88 டாலர். ரிசார்ட்டில் பசுமை வரி ஆளுக்கு 12 டாலர். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு அந்த வரி இல்லை.

செலவுக்கு டாலர் நோட்டு. அனுமதி பெற்ற பணம் மாற்றும் கடையில் பாஸ்போர்ட், பான் கார்டு, டிக்கெட் காட்டி வாங்குங்கள், ரசீதை வைத்திருங்கள். ஒரு பயணத்துக்கு நோட்டாக 3,000 டாலர் வரைதான் எடுத்துப்போகலாம். நூறு டாலர் நோட்டை அடுக்கிக் கொடுத்தால் வாங்காதீர்கள். 5, 10, 20 டாலராகக் கேளுங்கள். கிழிசல், பேனா எழுத்து, முத்திரை இருந்தால் அங்கே திருப்பித் தருவார்கள். ஊர்க் கடையில் அந்த நாட்டுப் பணமான ருஃபியா செல்லும். ஒரு டாலருக்கு 15.42 என்பது அரசு விகிதம். ருஃபியாவை நம் ஊரில் கொண்டுவந்து மாற்ற முடியாது, அதனால் தேவைக்கு மட்டும் மாற்றுங்கள். கூட, முன்பே டாலர் ஏற்றி வைக்கும் ஃபாரெக்ஸ் கார்டு ஒன்று இருக்கட்டும். சாதாரண கிரெடிட் கார்டில் ஒவ்வொரு செலவுக்கும் அயல்நாணயக் கட்டணம் ஏறும்.

ஏஜென்டிடம் பேக்கேஜாக வாங்கினால் படகுக் கட்டணம், பசுமை வரி, எத்தனை வேளைச் சாப்பாடு, ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்ற நான்கையும் எழுதி வாங்குங்கள். வெளிநாட்டுப் பேக்கேஜுக்கு டிசிஎஸ் (விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வரி) என்று ஒரு தொகை பிடிப்பார்கள். அது போய்விட்ட காசு இல்லை. பான் எண்ணில் பதிவாகியிருக்கும், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், திரும்பப் பெறலாம்.

சாப்பாடு, பெட்டி, பழக்கம்

அங்கே மண்ணில் விளைவது குறைவு. அரிசி, வெங்காயம், உருளைக்கிழங்கு, முட்டை எல்லாம் பெரும்பகுதி இந்தியாவில் இருந்து போகிறது. 1981இல் போட்ட வணிக ஒப்பந்தம் இன்றும் நடப்பில் இருக்கிறது. காலையில் தட்டில் வருகிற முட்டை நாமக்கல் முட்டையாகவே இருக்கலாம். ஆனால் சமையலின் உயிர் சூரை மீன். தேங்காய்ப்பூவும் வெங்காயமும் பிசைந்த மஸ் ஹுனி, தெளிந்த கருதியா குழம்பு, சாயங்காலப் பலகாரமான ஹெதிகா எல்லாவற்றிலும் சூரை உண்டு. நாம் மாசிக்கருவாடு என்கிற மாசியும் சூரையைக் காயவைத்ததுதான்.

அதனால் சைவக்காரர்கள் "வெஜிடேரியன்" என்று மட்டும் சொன்னால் போதாது. மீனை இறைச்சிக் கணக்கில் சேர்க்காத சமையல்காரர் காய்கறிச் சோற்றில் சூரையை உதிர்த்துப் போட்டுக் கொண்டுவருவார், அதில் அவர் தப்பு ஒன்றும் இல்லை. "மீன் வேண்டாம், சூரை வேண்டாம், மாசியும் வேண்டாம்" என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். ரொஷி என்கிற சப்பாத்தி, பருப்பு, காய்கறி ஃப்ரைடு ரைஸ் எங்கும் கிடைக்கும். அறையில் மின் கெட்டில் இருந்தால் அவல் பெரிய துணை: கெட்டி அவல் ஒரு டம்ளருக்கு முக்கால் டம்ளர் வெந்நீர், ஐந்து நிமிடம் மூடி வைத்து, பருப்புப்பொடியும் நல்லெண்ணெயும் கலந்தால் ஒரு வேளை முடிந்தது. தட்டுவடை, நிலக்கடலை, இட்லிப்பொடி எடுத்துப்போகலாம். ஊறுகாயையும் எண்ணெயையும் பெரிய பெட்டியில் வையுங்கள், கைப்பையில் விடமாட்டார்கள். பொள்ளாச்சித் தேங்காய் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கொப்பரைக்கு விமானத்தில் இடம் இல்லை. எண்ணெய்ச் சத்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள் அது. பவர் பேங்க் கைப்பையில் மட்டும். கறிவேப்பிலை, பழம், செடி வேண்டாம்.

தண்ணீர் கடல்நீரைச் சுத்திகரித்தது. சிறுவாணி குடித்த நாக்குக்கு முதல் நாள் ருசிக்காது. குடிக்கப் பாட்டில் தண்ணீரே நல்லது.

மாலத்தீவு இஸ்லாமிய நாடு, சட்டமும் அப்படியே. மது, பன்றி இறைச்சி, வழிபாட்டுச் சிலைகள், ஆபாசப் படங்கள் கொண்டுபோகத் தடை. கொச்சியில் வரியில்லாக் கடையில் வாங்கிய பாட்டிலும் மாலேயில் எக்ஸ்ரேயில் மாட்டும், சுங்கத்தில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். பெட்டியில் வழக்கமாக வைக்கும் சின்ன முருகன் சிலையை வீட்டுப் பூஜை அறையிலேயே விட்டுப் போங்கள். மின்சிகரெட்டும் தடை. தூக்க மாத்திரை, கடுமையான வலி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரின் சீட்டோடு, அட்டையைப் பிரிக்காமல் கொண்டுபோக வேண்டும்.

ஊர்த் தீவில் தெருவில் நடக்கும்போது ஆணும் பெண்ணும் தோளும் தொடையும் மறைய உடுத்த வேண்டும். நீச்சலுடைக்கென்று தடுப்பு போட்ட தனிக் கடற்கரை இருக்கிறது, அதை பிகினி பீச் என்கிறார்கள். முழுக்க மூடிய உடையில் குளிப்பவர்கள் எந்தக் கரையிலும் இறங்கலாம். கொடிவேரியிலும் திருமூர்த்தி அருவியிலும் குளிக்கிற மாதிரி நைட்டியோடும் பருத்திச் சுடிதாரோடும் கடலில் இறங்க வேண்டாம். பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனக்கும், காலைச் சுற்றும், உப்போடு உராய்ந்து தோலை அறுக்கும். பாலியஸ்டரும் எலாஸ்டேனும் கலந்த முழுக்கை மேலுடையும் கணுக்கால் வரை கால்சட்டையும் எடுங்கள். திருப்பூரில் விளையாட்டு உடை விற்கும் கடைகளில் அந்தத் துணியில் கிடைக்கும். அது வெயிலுக்கும் கவசம். மிதந்து மீன் பார்க்கும்போது முதுகு முழுக்க மேலே காட்டிக்கொண்டு இருப்போம், தண்ணீரின் குளிர்ச்சியில் சூடு தெரியாது, ராத்திரி படுக்க முடியாமல் எரியும்.

மின்சாரம் 230 வோல்ட், நம்முடையதே. ஆனால் பிளக் மூன்று செவ்வக முனை கொண்டது. ஆளுக்கு ஒரு அடாப்டர் வேண்டாம்; ஒரு அடாப்டரும் ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டியும் போதும்.

கடலில் இறங்குவது

இந்தப் பகுதியை மட்டுமாவது கூட வருகிற எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.

நம்மில் நிறையப் பேர் கிணற்றில் சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் பழகினவர்கள். வாய்க்காலிலும் பவானியிலும் எதிர் நீச்சல் போட்டவர்கள் இருக்கிறார்கள். அந்த நீச்சல் நல்ல நீச்சல்தான். ஆனால் கிணற்றில் தண்ணீர் நிற்கும், படிக்கட்டு பத்து கை தூரத்தில் இருக்கும். ஆற்றில் இழுப்பு கண்ணுக்குத் தெரியும். மாலத்தீவுக் கடலில் மேலே ஒரு சுருக்கமும் இருக்காது, அடியில் தண்ணீர் நகர்ந்துகொண்டிருக்கும். பவளத் திட்டுகளுக்கு நடுவே உள்ள வாய்களை அங்கே கண்டு என்பார்கள். ஓதம் ஏறும்போதும் வற்றும்போதும் கடல் அந்த வாய் வழியாகத்தான் போய் வரும், அங்கே எந்த நீச்சல்காரரும் எதிர்த்து நிற்க முடியாது.

இறங்கும் முன் எங்கே ஏறப்போகிறோம் என்று இடம் பார்த்துக்கொள்ளுங்கள். இடுப்பளவு தண்ணீரில் கை கால் அசைக்காமல் ஒரு நிமிடம் மிதந்து, எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் தள்ளுகிறது என்று பாருங்கள். கரையோரமாகத் தள்ளினால் முதலில் எதிர்த் திசையில் போங்கள், திரும்பும்போது நீரே கொண்டுவந்து விடும். வெளிப்பக்கமாகத் தள்ளினால் அன்றைக்கு அங்கே இறங்க வேண்டாம். மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தாதீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பை விட்டு விலகிய பிறகு கரைக்குத் திரும்புங்கள். முடியாவிட்டால் மல்லாந்து மிதந்து கை உயர்த்துங்கள். உயிரை வாங்குவது பெரும்பாலும் களைப்பு.

கரையோரம் ஒன்றிரண்டு மீட்டர் ஆழமுள்ள காயல் இருக்கும். பவள விளிம்பு வந்ததும் சட்டென்று கிணறு மாதிரி இறங்கிக் கருநீலமாகும். முதல் நாள் அந்த விளிம்பைத் தாண்டாதீர்கள். நீந்தத் தெரிந்தவரும் லைஃப் ஜாக்கெட் போடுங்கள், தனியாக இறங்காதீர்கள். குழந்தைக்குக் கையில் மாட்டும் காற்றுப் பை கடலுக்கு ஆகாது. குழந்தையின் எடைக்கேற்ற ஜாக்கெட், இரண்டு காலுக்கு நடுவே வார் உள்ளது, முன்பே கேட்டு வையுங்கள்.

தண்ணீருக்குள் பார்க்க முகத்தில் மாட்டும் மாஸ்க் சரியாக இல்லை என்றால் எல்லாம் கெடும். வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல இழுங்கள். கையை எடுத்தும் அது ஒட்டி நின்றால் உங்களுக்கு ஆனது. முடி ஓரத்தில் மாட்டியிருந்தால் கசியும். கடா மீசைக்காரர்களுக்கு உதட்டு மேல் கசியும். மீசையில் கொஞ்சம் வாசலின் தடவினால் பெரும்பாலும் நிற்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு மாஸ்க் மாட்ட முடியாது. பவர் உள்ள மாஸ்க் இருக்கிறதா என்று கேளுங்கள். புது மாஸ்க் ஆவி பிடிக்கும். உள்கண்ணாடியைப் பற்பசையால் இரண்டு மூன்று தடவை தேய்த்துக் கழுவி, ஒவ்வொரு முறையும் இறங்கும் முன் ஒரு சொட்டு குழந்தை ஷாம்பு தடவி அலசுங்கள். வாரை இறுக்கினால் கசிவு கூடத்தான் செய்யும். இடுப்பளவு நீரில் முகம் கவிழ்த்து வாயால் ஐந்து நிமிடம் மூச்சு விட்டுப் பழகுங்கள். மூச்சு விட வாயில் கடித்திருக்கும் குழாயில் தண்ணீர் புகுந்தால் இழுக்காமல் 'பூ' என்று ஒரே மூச்சாக ஊதித் தள்ளுங்கள். இது கைவந்த பிறகுதான் ஆழத்துக்கு.

பவளத்தின் மேல் நிற்கக் கூடாது, தொடக் கூடாது. அது உயிருள்ளது, ஒரு மிதியில் பல ஆண்டு வளர்ச்சி நொறுங்கும். நமக்கும் அது கீறினால் எளிதில் சீழ் பிடிக்கும். சோப்பும் நல்ல தண்ணீரும் விட்டுக் கழுவிக் கிருமிநாசினி போடுங்கள். கல்மீன், சிங்கமீன் முள் குத்தினால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அரை மணிக்கு மேல் காலை வைத்திருங்கள், சுகாதார நிலையத்துக்கும் போங்கள். பெரிய பல்லும் தடித்த உடம்புமாக டைட்டன் ட்ரிகர் என்ற மீன் கூடு காக்கிற பருவத்தில் துரத்தும். அதன் எல்லை கூட்டில் இருந்து மேலே விரியும் புனல் மாதிரி. அதனால் மேலே ஏறாமல் பக்கவாட்டில் விலகுங்கள். சுறாக்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், கரையோரம் வரும் கருமுனைச் சுறாக் குட்டிகள் நம்மைக் கண்டால் தானே ஒதுங்கும்.

இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் மாஸ்க் மாட்ட வேண்டும். ஊர்த் தீவில் இருப்பது சிறிய சுகாதார நிலையம், பெரிய சிகிச்சைக்கு மாலே போக வேண்டும். அதனால் பயணக் காப்பீட்டில் படகிலோ விமானத்திலோ நோயாளியை அழைத்துச் செல்லும் செலவும் அடங்குமா என்று பாருங்கள். கைப்பேசியில் ஏற்றி வைக்க வேண்டிய எண்கள்: ஆம்புலன்ஸ் 102, காவல் 119, கடலோரக் காவல் 191.

கடைசி நாள்

உருளை கட்டி முங்கியவர்கள் விமானம் ஏறும் முன் 18 மணி நேரம் இடைவெளி விட வேண்டும். ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் வெளியேறுவதற்குள் உயரத்துக்குப் போனால் குமிழியாகிவிடும். ஆகவே முங்குவதை நடு நாட்களில் வையுங்கள், கடைசி நாள் கரையில் மிதப்பதற்கு இருக்கட்டும். மணல், பவளத் துண்டு, ஆமை ஓடு எதையும் பெட்டியில் போடாதீர்கள். குழந்தைகளின் பையைத் தனியாகத் திறந்து பாருங்கள். எப்படியும் நாலு பவளத் துண்டு இருக்கும்.

திரும்பும் படகுக்கும் விமானத்துக்கும் நடுவே ஐந்து மணி நேரம் விடுங்கள். காற்று கூடினால் அந்த நடைப் படகை நிறுத்திவிட்டு அடுத்ததில் ஏற்றுவார்கள். தென்மேற்குப் பருவத்தில் தூரத் தீவில் தங்கியிருந்தால் கடைசி இரவை ஹுல்ஹுமாலேயில் வைத்துக்கொள்வதே சரி. புறப்பாட்டு ஐமுகாவை முந்தின நாள் அறையிலேயே, வைஃபை இருக்கும்போதே நிரப்பிவிடுங்கள். நெடும்பாசேரியில் ராத்திரி இறங்குகிறவர்கள் ஆலுவாவில் கோவை வண்டிக்கு எத்தனை மணி என்று பார்த்துவைத்து, இறங்கியதில் இருந்து இரண்டரை மணி நேரத்துக்கு அப்பால் உள்ள வண்டியில் முன்பதிவு செய்யுங்கள்.